அடிமைகளை விற்றவர் கண்ணீர் விட்டார்!

உலகம் எங்கும் கிறிஸ்தவ ஆலயங்களில் பாடப்படும் ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் 'அமேசிங் கிரேஸ்'. வியப்பூட்டும் கிருபை என்பது அதன் பொருள். கடவுளின் இரக்கத்தை நினைத்து உருகும் பாட்டு அது.

அதை எழுதியவர் ஒரு பாதிரியார். பெயர், ஜான் நியூட்டன்.

பாதிரியார் ஆவதற்கு முன் அவர் செய்துவந்த தொழில் என்ன தெரியுமா?

அடிமை வியாபாரம்! ஆப்பிரிக்காவில் மனிதர்களை விலைக்கு வாங்கினார். சங்கிலியால் கட்டிக் கப்பலில் ஏற்றினார். ஆடு மாடுகளைப் போலக் கடல் கடந்து கொண்டுபோய் விற்றார்.

அப்படிப்பட்டவர் மனம் திருந்தினார். எப்படித் திருந்தினார்? ஒரே நாளில் திருந்திவிட்டாரா? இல்லை. அது ஒரு நீண்ட கதை.

தாய் இட்ட விதை

இங்கிலாந்தின் தலைநகரமான லண்டனில், தேம்ஸ் ஆற்றங்கரையில் வாப்பிங் என்ற இடம் இருக்கிறது. மாலுமிகள் நிறைந்த பகுதி அது. அங்கே 1725-ம் ஆண்டு ஜூலை மாதம் 24-ந் தேதி ஜான் நியூட்டன் பிறந்தான்.

தந்தை, கப்பல் தலைவர். வருடத்தில் பெரும் பகுதியைக் கடலிலேயே கழிப்பவர். கண்டிப்பானவர்.

தாயார் பெயர் எலிசபெத். பக்தி மிகுந்தவர். மகனை மடியில் வைத்துக்கொண்டு வேதாகமம் படித்துக் காட்டுவார். பக்திப் பாடல்களைச் சொல்லிக் கொடுப்பார். நாலு வயதிலேயே ஜான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டான். மகன் ஒரு நாள் பாதிரியாராக வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை.

அந்த ஆசை நிறைவேறுவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. காச நோய் அவரைத் தின்றுகொண்டு இருந்தது. ஜானுக்கு 7 வயது நிறையச் சில நாட்களே இருந்தபோது, தாயார் கண்ணை மூடிவிட்டார்.

தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஜானை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் படிப்பும் நின்றது.

11-வது வயதில், தந்தையுடன் கப்பல் ஏறினான் ஜான்.

கசையடி

மாலுமிகளின் சகவாசத்தில் ஜான் வளர்ந்தான். அவர்களுடைய கெட்ட வார்த்தைகளையும் கற்றுக்கொண்டான். சில சமயம் பயம் வரும். ஜெபம் செய்வான், உபவாசம் இருப்பான். சில நாட்களில் எல்லாம் மறந்துபோகும்.

17 வயது ஆனபோது, ஜமைக்கா தீவில் ஒரு வேலைக்கு அனுப்பத் தந்தை ஏற்பாடு செய்தார். அதற்கு முன் கென்ட் பகுதியில் இருந்த ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனார் ஜான். அவருடைய தாயாரைக் கடைசி நாட்களில் வைத்துப் பராமரித்த குடும்பம் அது.

அந்த வீட்டில் மேரி என்று ஒரு பெண் இருந்தாள். அவளுக்கு 14 வயதுகூட ஆகவில்லை. கண்டதும் ஜானின் மனம் அவளிடம் போய்விட்டது. சில நாட்கள் தங்க வந்தவர் மூன்று வாரம் தங்கினார். ஜமைக்காக் கப்பல் போயே போய்விட்டது!

தந்தைக்குக் கோபம். ஆனாலும் வேறு ஒரு கப்பலில் சேர்த்துவிட்டார்.

1744-ம் ஆண்டில் வேறு ஓர் ஆபத்து வந்தது. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடற்படைக்கு ஆள் போதாவிட்டால், தெருவில் போகிறவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்கென்றே ஆள் பிடிக்கும் படை இருந்தது. அந்தப் படையிடம் நியூட்டன் சிக்கினார். 'ஹார்விச்' என்ற போர்க் கப்பலில் ஏற்றப்பட்டார்.

தந்தை சிபாரிசு செய்து, இளநிலை அதிகாரி பதவி வாங்கிக் கொடுத்தார். அதையும் நியூட்டன் காப்பாற்றிக்கொள்ளவில்லை. கரைக்கு அனுப்பிய இடத்தில் இருந்து ஓடிவிட்டார்.

பிடித்து வந்தார்கள். கையில் விலங்கு பூட்டினார்கள். மாலுமிகள் எல்லாரும் பார்க்க, சட்டையை உரித்துக் கசையால் அடித்தார்கள். பதவி பறிபோனது.

அந்த அவமானத்தில், கப்பல் தலைவரைக் கொன்றுவிடலாமா என்றுகூட நினைத்தார். கடலில் குதித்துச் செத்துவிடலாமா என்றும் எண்ணினார்.

இதற்குள் தெய்வ நம்பிக்கையும் போய்விட்டது. தாயார் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் கேலி செய்தார். மற்றவர்களையும் கெடுத்தார்.

அடிமைகள் கொடுத்த உணவு

ஹார்விச் கப்பல் இந்தியப் பக்கம் நோக்கிப் புறப்பட்டது. வழியில் மதீரா தீவில், நியூட்டனை வேறு ஒரு கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அது ஆப்பிரிக்காவுக்குப் போகும் அடிமைக் கப்பல்.

அந்தக் கப்பலிலும் நியூட்டன் ஒழுங்காக இருக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் கரைக்கு அருகில் உள்ள ஒரு தீவில் இறங்கி, ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த வியாபாரிக்கு ஓர் ஆப்பிரிக்க மனைவி இருந்தாள். முதலாளி ஊரில் இல்லாதபோது நியூட்டன் காய்ச்சலில் படுத்தார். அவள் அவரைக் கவனிக்கவில்லை. ஒரு வாய் தண்ணீர் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. தான் சாப்பிட்டு மிஞ்சியதை எப்போதாவது கொடுப்பாள். ஒரு நாள் பலவீனத்தால் அந்தத் தட்டு அவர் கையில் இருந்து நழுவி விழுந்தது. மீண்டும் கொடுக்காமல் அவள் சிரித்தாள்.

பிறகு முதலாளியும் அவரைத் திருடன் என்று சந்தேகித்தார். கப்பல் தளத்தில் பூட்டிவைத்துவிட்டுக் கரைக்குப் போவார். மழை, காற்று எதுவானாலும் வெட்டவெளிதான். இரவில் வயலுக்குப் போய்க் கிழங்கைப் பிடுங்கிப் பச்சையாகத் தின்ற நாட்களும் உண்டு.

கையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். யூக்ளிட் எழுதிய கணித நூல். கடற்கரை மணலில் குச்சியால் கோடு கிழித்து, அந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்ப்பார். துயரத்தை மறக்க அதுதான் வழி.

அப்போது அவர்மீது இரக்கம் காட்டியவர்கள் யார்?

விற்பனைக்காகச் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த ஆப்பிரிக்க அடிமைகள்! அவர்களுக்குக் கிடைத்ததே அரை வயிற்று உணவு. அதில் ஒரு பங்கை யாருக்கும் தெரியாமல் எடுத்து, இந்த வெள்ளைக்கார இளைஞருக்குக் கொடுத்தார்கள். எசமானர்கள் பார்த்தால் தண்டனை. அது தெரிந்தும் கொடுத்தார்கள்.

இந்த உதவியை நியூட்டன் பிற்காலத்தில் எழுதிவைத்தார். ஆனால் கை நீட்டி வாங்கிச் சாப்பிட்ட அந்த நாளில், கொடுத்த கை யாருடையது என்று அவர் யோசித்துப் பார்க்கவில்லை.

நடுக்கடலில் புயல்

மகனைத் தேடிக் கண்டுபிடித்து அழைத்துவரும்படி, லிவர்ப்பூல் நகரத்துக் கப்பல் முதலாளி ஒருவரைத் தந்தை கேட்டுக்கொண்டார். அவருடைய 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் 1747-ம் ஆண்டு அந்தக் கரைக்கு வந்தது.

அதற்குள் வேறு ஒரு முதலாளியிடம் நியூட்டன் நல்ல நிலையில் இருந்தார். ஊருக்குத் திரும்ப விருப்பம் இல்லை. ஆனால் மேரியின் முகம் நினைவுக்கு வந்தது. கப்பல் ஏறினார்.

அது அடிமைக் கப்பல் அல்ல. தங்கம், தந்தம், சாயமரம், தேன்மெழுகு ஆகியவற்றை ஏற்றிய கப்பல்.

கப்பலில் நியூட்டன் பேசிய தெய்வ நிந்தனையைக் கேட்டு, கப்பல் தலைவரே பயந்துபோனார். கடவுளுக்குக் கீழ்ப்படியாமல் ஓடியதால் கப்பலுக்கே புயலைக் கொண்டுவந்த யோனா என்பவரின் கதை வேதாகமத்தில் உண்டு. அந்த யோனாவைப் போல இவனும் நம் கப்பலுக்கு ஆபத்தாக வந்திருக்கிறானோ என்று அவர் எண்ணினார்.

1748-ம் ஆண்டு மார்ச் மாதம். இங்கிலாந்தை நோக்கிக் கப்பல் வந்துகொண்டு இருந்தது. பொழுது போகாமல் நியூட்டன் ஒரு புத்தகத்தைப் புரட்டினார். தமிழில் 'கிறிஸ்துநாதர் அனுசாரம்' என்று வழங்கும் நூல் அது. இதில் சொல்லியிருப்பது எல்லாம் உண்மையாக இருந்துவிட்டால் நம் கதி என்ன? இந்த எண்ணம் மனதில் குத்தியது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

அன்று இரவு. தூங்கிக்கொண்டு இருந்தவர்மீது தண்ணீர் கொட்டியது. பெரிய அலை ஒன்று கப்பலை அறைந்துவிட்டது!

எழுந்து ஓடினார். ஏணியில் ஏறும்போது, ஒரு கத்தி எடுத்து வரும்படி கப்பல் தலைவர் சொன்னார். நியூட்டன் திரும்பினார். அவருக்குப் பதிலாக மேலே ஏறிய மாலுமியை அலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

கப்பலின் ஒரு பக்கப் பலகைகள் உடைந்து, தண்ணீர் உள்ளே புகுந்தது. விடியற்காலை 3 மணி முதல் நண்பகல் வரை நியூட்டன் பம்பு அடித்துத் தண்ணீரை இறைத்தார். அலை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க, கயிற்றால் உடம்பைக் கட்டிக்கொண்டார். கிழிந்த துணிகளையும் படுக்கைகளையும் ஓட்டைகளில் அடைத்தார்கள். மரமும் மெழுகும் தண்ணீரில் மிதப்பவை. அந்தச் சரக்கு இருந்ததால்தான் கப்பல் மூழ்காமல் நின்றது.

வேலை நடுவே கப்பல் தலைவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டு இருந்த நியூட்டன், இதுவும் பலிக்காவிட்டால் ஆண்டவர்தான் இரங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் திடுக்கிட்டார். பல ஆண்டுகளாக ஆண்டவரைத் திட்டிய வாய் அல்லவா அது? எனக்கு என்ன இரக்கம் கிடைக்க முடியும் என்று நினைத்தார்.

களைத்துப்போய்ப் பம்பை விட்டவரைச் சுக்கான் பிடிக்க வைத்தார்கள். நள்ளிரவு வரை நின்றார். அந்த நேரம் முழுவதும் அவருடைய பழைய வாழ்க்கை கண் முன் ஓடியது. தாயார் சொல்லிக் கொடுத்த வசனங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

அந்த நாள் மார்ச் 21. (அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி 10-ந் தேதி.) சாகும்வரை ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளை ஜெபத்தில் கழித்தார் நியூட்டன்.

கடைசி உணவு

புயல் ஓய்ந்த பிறகும் துன்பம் ஓயவில்லை. உணவுப் பொருள்கள் கடலோடு போய்விட்டன. காட் மீன் கருவாட்டில் பாதியை 12 பேர் ஒரு நாளைக்குப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

அந்த நாட்களில் நியூட்டன் புதிய ஏற்பாட்டைப் படித்தார். அதிலே கெட்டகுமாரன் கதை வருகிறது. தந்தையின் சொத்தை எல்லாம் அழித்து, பன்றி மேய்த்து, பசியோடு திரும்பி வந்த மகன். வருகிறவனைத் தூரத்தில் கண்டதும், ஓடிப்போய்க் கட்டி அணைத்துக்கொண்ட தந்தை.

அந்த மகன் தானே என்று நியூட்டன் உணர்ந்தார். கடவுளின் இரக்கம் எப்படிப்பட்டது என்பதும் புரிந்தது. மகன் குளித்து, நல்ல உடை உடுத்தி வரட்டும் என்று அந்தத் தந்தை காத்திருக்கவில்லை. அழுக்கோடுதான் அணைத்தார்.

புயல் அடித்து 4 வாரம் ஆன பிறகு, அயர்லாந்து நாட்டுக் கரையை அடைந்தது கப்பல். கடைசியாக மிஞ்சிய உணவு அப்போது பானையில் வெந்துகொண்டு இருந்தது. கரை சேர்ந்து 2 மணி நேரத்துக்குள் மீண்டும் கடும் காற்று வீசத் தொடங்கியது. கடலில் இருந்திருந்தால் யாரும் பிழைத்திருக்க முடியாது.

தந்தையைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நியூட்டன் துடித்தார். அது நடக்கவில்லை. கனடாப் பகுதியில் ஒரு பதவி ஏற்கத் தந்தை கப்பல் ஏறிவிட்டார். அன்போடு கடிதங்கள் எழுதினார். மேரியை மகன் மணப்பதற்குச் சம்மதமும் பெற்றுத் தந்துவிட்டுப் போனார். ஆனால் ஊர் திரும்பவில்லை. 1750-ம் ஆண்டில் அங்கேயே இறந்துபோனார்.

மேலே ஜெபம், கீழே சங்கிலி

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் முடியவில்லை.

நியூட்டன் குடியை விட்டார். கெட்ட பேச்சை விட்டார். தவறாமல் ஜெபம் செய்தார். 1750-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மேரியை மணந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், 'ட்யூக் ஆப் ஆர்கைல்' என்ற கப்பலின் தலைவராகப் புறப்பட்டார். அது அடிமைக் கப்பல்!

1754-ம் ஆண்டு வரை மூன்று முறை அவர் தலைவராகச் சென்றார். ஆப்பிரிக்கக் கரையில் ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வாங்கினார். அட்லாண்டிக் கடலைக் கடந்து மேற்கு இந்தியத் தீவுகளில் விற்றார். யாருடைய கையில் இருந்து உணவு வாங்கித் தின்று உயிர் பிழைத்தாரோ, அதே மக்களை!

ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி, மேல் தளத்தில் ஜெபம் நடத்துவார். கீழ்த் தளத்தில் அடிமைகள் சங்கிலியோடு, நெருக்கி அடுக்கிய நிலையில், புரளக்கூட இடம் இல்லாமல் கிடந்தார்கள்.

அவர் எழுதிய கப்பல் குறிப்பேடு அழியாமல் இருக்கிறது. 1962-ம் ஆண்டில் அது புத்தகமாகவும் வந்தது. இறந்த அடிமைகளைப் பற்றி அதிலே குறித்திருக்கிறார். அவர்களுக்குப் பெயர் இல்லை. எண்தான் இருக்கிறது. அடிமைகள் கலகம் செய்யத் திட்டமிட்டதாகச் சந்தேகம் வந்தபோது, உண்மையை வரவழைக்கக் கட்டை விரலை நசுக்கும் திருகு ஆணியைப் பயன்படுத்தியதையும் எழுதியிருக்கிறார்.

இது எப்படி? கடவுளிடம் மன்னிப்புக் கேட்டவர் இதை எப்படிச் செய்தார்?

அடிமை வியாபாரம் பாவம் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. இங்கிலாந்தில் பெரிய மனிதர்கள் அதில் பணம் போட்டிருந்தார்கள். சட்டம் அதை அனுமதித்தது. ஆலயத்துக்குப் போகிறவர்களும் அதைக் குறை சொல்லவில்லை. ஊர் உலகம் பாவம் என்று சொல்லிய பாவங்களை எல்லாம் நியூட்டன் விட்டார். ஊர் உலகம் சொல்லாத பாவம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் மனம் உறுத்தியது. சிறைக் காவலன் செய்யும் வேலை போல இருக்கிறதே என்று எண்ணினார். வேறு நல்ல தொழில் கொடு என்று கடவுளிடம் வேண்டினார்.

கடலை விட்டார்

1754-ம் ஆண்டு நவம்பர் மாதம். மீண்டும் ஒரு பயணத்துக்கு எல்லாம் தயார். மனைவியோடு தேநீர் அருந்திக்கொண்டு இருந்தபோது, நியூட்டன் திடீரென்று மயங்கி விழுந்தார். ஒரு மணி நேரம் பேச்சு மூச்சு இல்லை.

கப்பல் வேலை வேண்டாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அதன் பின் அவர் கப்பலில் போகவே இல்லை.

1755-ம் ஆண்டில் லிவர்ப்பூல் துறைமுகத்தில் சுங்க அதிகாரி வேலை கிடைத்தது. ஓய்வு நேரத்தில் கிரேக்கமும் எபிரேயமும் தாமாகவே படித்தார். பாதிரியாராக வேண்டும் என்ற ஆசை வந்தது. கல்லூரியில் படிக்காதவர் என்பதால் முதலில் மறுத்துவிட்டார்கள். ஆறு ஆண்டுகள் காத்திருந்த பின், 1764-ம் ஆண்டில் குருப்பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு 39 வயது ஆகப்போகும் நேரம். தாயாரின் ஆசை நிறைவேறியது.

அதே ஆண்டில் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தெய்வ நிந்தனை செய்ததையும் கெட்டு அலைந்ததையும் மறைக்காமல் எழுதினார். ஆனால் அடிமை வியாபாரத்தைப் பாவம் என்று அதில் எழுதவில்லை.

பாட்டு பிறந்தது

ஆல்னி என்ற சிறிய ஊரில் நியூட்டன் ஊழியம் செய்தார். லேஸ் பின்னிப் பிழைக்கும் ஏழைகள் நிறைந்த ஊர் அது. மாலுமியின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். குழந்தைகளைக் கூட்டிக் கதை சொல்வார். கூட்டம் பெருகி, ஆலயத்துக்குள் மாடம் கட்டவேண்டி வந்தது.

வில்லியம் கூப்பர் என்ற பெரிய கவிஞர் அவருடைய நண்பர். மனநோயால் அவதிப்பட்டவர். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பி, உயிரை விடவும் முயன்றவர். நோய் முற்றியபோது, ஓர் ஆண்டுக்கு மேல் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார் நியூட்டன். தம்மைப் போன்ற பாவிக்கே இரக்கம் கிடைத்தது என்றால், யாருக்கும் கிடைக்கும் என்பது அவருடைய உறுதி.

இருவரும் சேர்ந்து ஏழைகளுக்காக எழுதிய பாடல்கள் 1779-ம் ஆண்டில் புத்தகமாக வந்தன. மொத்தம் 348 பாடல்கள். அவற்றில் ஒன்றுதான் 'அமேசிங் கிரேஸ்'. 1773-ம் ஆண்டு புத்தாண்டு தினத்தில் செய்த பிரசங்கத்துக்காக அதை நியூட்டன் எழுதினார். இன்று எல்லாரும் பாடும் மெட்டோடு அது சேர்ந்தது 1835-ம் ஆண்டில், அமெரிக்காவில்.

ரகசியமாக வந்த இளைஞர்

1780-ம் ஆண்டு முதல், லண்டன் நகரில் உள்ள ஓர் ஆலயத்தில் நியூட்டன் குருவாக இருந்தார்.

1785-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஓர் இளைஞர் அவரைத் தேடி வந்தார். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்து, கதவைத் தட்டும் முன் அந்தத் தெருச் சதுக்கத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார்.

அவர்தான் வில்லியம் வில்பர்போர்ஸ். வயது 26. பாராளுமன்ற உறுப்பினர். சிறு வயதில் நியூட்டனின் பேச்சைக் கேட்டவர். பக்தியில் மனம் திரும்பி, அரசியலை விட்டுவிடலாமா என்று குழம்பியிருந்தார்.

விட வேண்டாம் என்றார் நியூட்டன். பாராளுமன்றத்தில் இருந்துகொண்டே நல்லது செய்யலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த இளைஞர் பிறகு எடுத்துக்கொண்ட வேலை என்ன தெரியுமா? அடிமை வியாபாரத்தை ஒழிப்பது!

வாய் திறந்தார்

1787-ம் ஆண்டில், அடிமை வியாபார ஒழிப்புச் சங்கம் லண்டனில் தொடங்கியது. வியாபாரிகள் எதிர்த்தார்கள். அடிமைகளைக் கப்பலில் நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று சாதித்தார்கள். மறுத்துச் சொல்ல, கண்ணால் கண்டவர் வேண்டும்.

நியூட்டனுக்கு வயது 62. நாடெங்கும் மதிக்கப்படும் குரு. பழைய கதையைக் கிளறினால் அவருக்குத்தான் அவமானம். கடவுள் மன்னித்துவிட்டார், இனி எதற்கு என்று சும்மா இருந்திருக்கலாம்.

அவர் சும்மா இருக்கவில்லை.

1788-ம் ஆண்டில், அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். கடலை விட்டு 34 ஆண்டுகள் ஆகியிருந்தன. இவ்வளவு காலம் கழித்துச் சொல்லும் இந்த வாக்குமூலம் மிகவும் பிந்திவிட்டது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இந்தக் கொடுமைக்குத் தாமும் கருவியாக இருந்தோம் என்று வெட்கத்தோடு எழுதினார்.

அடிமைகளை எப்படி அடுக்கினார்கள், பெண்களை எப்படிச் சீரழித்தார்கள், கலகம் செய்தவர்களை எப்படி வதைத்தார்கள் என்று விவரமாகச் சொன்னார். ஒரு தாயோடு வாங்கப்பட்ட கைக்குழந்தை இரவில் அழுதது. தூக்கம் கெடுகிறது என்று ஒரு கப்பல் அதிகாரி, தாயின் கையில் இருந்து குழந்தையைப் பறித்துக் கடலில் வீசிவிட்டான். இதையும் அந்த நூலில் எழுதினார்.

பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் அந்த நூல் அனுப்பப்பட்டது. அரசாங்கக் குழுவின் முன்னும், 1790-ம் ஆண்டில் பாராளுமன்றக் குழுவின் முன்னும் நியூட்டன் நேரில் சாட்சி சொன்னார்.

அதே 1790-ம் ஆண்டு டிசம்பர் மாதம், மேரி புற்றுநோயால் இறந்துபோனார். நாற்பது ஆண்டு இல்லறம். அந்தத் துயரத்திலும் அவர் ஊழியத்தை நிறுத்தவில்லை.

திரும்புதல் என்றால் என்ன?

கிறிஸ்தவர்கள் மனந்திரும்புதல் என்று சொல்வார்கள். அழுவது மட்டும் மனந்திரும்புதல் ஆகாது. போகிற வழியை விட்டுத் திரும்பி நடக்கவேண்டும்.

வேதாகமத்தில் சகேயு என்று ஒருவர் வருகிறார். வரி வசூலில் ஜனங்களை ஏமாற்றிப் பணம் சேர்த்தவர். இயேசு அவர் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். பணத்தைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று நிபந்தனை போடவில்லை. அந்த அன்பைக் கண்டு சகேயுவே எழுந்து நின்றார். சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

முதலில் இரக்கம் வந்தது. பிறகு கணக்குத் தீர்த்தல் வந்தது.

நியூட்டனுக்கும் அப்படித்தான். புயல் இரவில் இரக்கம் கிடைத்தது. கணக்கைத் தீர்க்க அவருக்கு 40 ஆண்டுகள் ஆயின. அவர் விற்ற மனிதர்களைத் தேடிப் பிடித்து விடுதலை செய்ய அவரால் முடியவில்லை. இறந்தவர்களை எழுப்பவும் முடியவில்லை. அவர்களுக்காகச் சாட்சி சொல்லத்தான் முடிந்தது. அதைச் செய்தார்.

சட்டம் வந்தது

வில்பர்போர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் பல முறை தோற்றது. அவர் சோர்ந்தபோது எல்லாம் நியூட்டன் தைரியம் சொன்னார்.

வயது 80 ஆயிற்று. நியூட்டனுக்குக் கண் மங்கியது. காது மந்தமானது. பிரசங்கத்தின் நடுவே, எதைப் பேசினோம் என்பதே மறந்துபோகும். ஓய்வு எடுங்கள் என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். 1806-ம் ஆண்டு வரை அவர் நிறுத்தவில்லை. எது மறந்தாலும், தாம் பெரிய பாவி என்பதையும் தம்மை மீட்ட கிறிஸ்துவையும் அவர் மறக்கவில்லை.

1807-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி, அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. அந்தச் செய்தியைக் கேட்க நியூட்டன் உயிரோடு இருந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் மாதம் 21-ந் தேதி, 82-வது வயதில் அவர் காலமானார்.

இங்கிலாந்தின் ஆட்சியில் இருந்த நாடுகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் 1833-ம் ஆண்டில் வந்தது. ஐரோப்பியர்கள் நடத்திய அந்த வியாபாரத்தில், சுமார் 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கரையையே காணவில்லை.

கல்லறையில் எழுதியது

தம் கல்லறையில் என்ன எழுதவேண்டும் என்பதை நியூட்டன் முன்பே எழுதிவைத்திருந்தார். புகழ்ச்சி ஒன்றும் இல்லை. கடவுளை மறுத்துத் திரிந்ததையும், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஏவலாளாகக் கிடந்ததையும், கிறிஸ்துவின் இரக்கத்தால் மன்னிக்கப்பட்டு, எந்த மதத்தை அழிக்கப் பார்த்தாரோ அதையே போதிக்க நியமிக்கப்பட்டதையும் அதில் குறித்தார்.

லண்டனில் புதைக்கப்பட்ட அவருடைய உடலும் மேரியின் உடலும் 1893-ம் ஆண்டில் ஆல்னிக்குக் கொண்டுவரப்பட்டன. அந்த ஊர் ஆலயத் தோட்டத்தில் கல்லறை இருக்கிறது.

அவருடைய பாட்டு அமெரிக்கா போயிற்று. பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின அடிமைகள் அதைத் தங்கள் பாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். 1852-ம் ஆண்டில் வெளிவந்த 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலில், அடிமையான டாம் அந்தப் பாட்டைப் பாடுகிறார்.

பசியால் வாடிய நியூட்டனுக்கு முதலில் உணவு கொடுத்தவர்கள் சங்கிலியில் கிடந்த மனிதர்கள். அவர்களுடைய இனத்து மக்கள், நியூட்டன் எழுதிய பாட்டை இன்றும் பாடிக்கொண்டு இருக்கிறார்கள்.